குழந்தை நம்மைப் பார்க்கட்டுமா, ரோட்டைப் பார்க்கட்டுமா? (ஸ்ட்ரோலர் இழை)

ஜனவரி 9. ஒரு வாசகி கேட்டது

எங்கள் பாப்பாவுக்கு ஐந்து மாதம். இதுவரை தூக்கிக்கொண்டே சமாளித்துவிட்டோம், இனி இடுப்பு தாங்காது. ஸ்ட்ரோலர் (குழந்தையை உட்கார வைத்துத் தள்ளுகிற வண்டி) பார்க்கப் போனால் ஒன்றில் குழந்தை நம்மைப் பார்த்து உட்காருகிறது, இன்னொன்றில் முன்னால் பார்த்து உட்காருகிறது. முதல் வகை விலையும் கூட, கனமும் கூட. முன்னால் பார்த்து உட்கார வைத்தால் பேச்சு தாமதமாகும், மனஅழுத்தம் வரும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிப் பயமுறுத்துகிறார். உண்மையா, விற்கிறவர்கள் கிளப்பிவிட்டதா?

ஜனவரி 9, இரவு

காற்றில் வந்த கதை இல்லை. 2008இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் சூசன் ஸீடிக் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது, தெருவில் போகிற பெற்றோரையும் குழந்தைகளையும் நின்று கவனித்துக் குறித்துக்கொண்டது. 2,722 ஜோடிகள். நம் பக்கம் பார்த்த வண்டியைத் தள்ளியவர்களில் 25 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ரோட்டுப் பக்கம் பார்த்த வண்டியில் அது 11 சதவீதம்தான். இரண்டாவது பகுதி சின்னது. 20 தாய்மார்கள், 9 மாதம் முதல் 24 மாதம் வரையிலான குழந்தைகள், ஒரு மைல் நடை. பாதி தூரம் ஒரு பக்கம், பாதி தூரம் மறுபக்கம். முகம் பார்த்து வந்தபோது அம்மாக்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேசினார்கள், சிரிப்பும் கூட இருந்தது. குழந்தைகளின் இதயத் துடிப்பு லேசாகக் குறைந்திருந்தது, தூங்கிப்போனவர்களும் அதிகம்.

வாட்ஸ்அப்பில் வந்த 'மனஅழுத்தம்' அந்த இதயத் துடிப்பிலிருந்து ஊதப்பட்டது. பேச்சு தாமதம் என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. எந்தக் குழந்தை எப்போது பேசியது என்று யாரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை.

ஜனவரி 9, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

படுத்தபிறகு தோன்றியது. 25 சதவீதம் என்றால், முகத்துக்கு நேரே குழந்தை இருந்தும் முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை என்றுதானே கணக்கு? எதிர்ப்பக்கம் வாங்குகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

முதல் பகுதியில் இன்னொரு சிக்கல். நிறையப் பேசுகிற சுபாவம் உள்ளவர்களே தேடிப்போய் முகம் பார்க்கும் வண்டியை வாங்கியிருக்கலாம். வண்டி பேச வைத்ததா, பேசுகிறவர் அந்த வண்டியை வாங்கினாரா? அதனால்தான் எனக்கு அந்த 20 பேர் பகுதிமேல் மதிப்பு அதிகம். அதே அம்மா, அதே குழந்தை, இருக்கை மட்டும் திரும்பியது. ஆள் குறைவுதான், ஆனால் ஒப்பீடு சுத்தம்.

ஜனவரி 10, காலை

முக்கியமானதை விட்டுவிட்டு ஆராய்ச்சி பேசிக்கொண்டிருக்கிறோம். ஐந்து மாதம் என்கிறீர்கள். பாப்பா தானாக, பிடிமானம் இல்லாமல் உட்காருகிறாளா? இல்லையென்றால் இப்போதைக்கு எந்தப் பக்கம் என்பது இரண்டாவது கேள்விதான். எவ்வளவு சாயும் என்பதே முதல் கேள்வி. ஐரோப்பாவின் ஈஎன் 1888 தரவிதிப்படி, ஆறு மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு உரியது என்று விற்க வேண்டுமானால் முதுகுப் பகுதி குறைந்தது 150 டிகிரிக்காவது சாய வேண்டும். நிமிர்ந்தே நிற்கிற குடை மடிப்பு வண்டியில் இந்த வயதில் வைத்தால் கழுத்து மார்பில் மடிந்து விழும். அது எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆபத்துதான்.

படுக்கைத் தொட்டில் மாட்டுகிற வகையைப் பார்த்தால், அது எப்படியும் நம் பக்கம்தான் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பெரும்பாலும் 9 கிலோ வரை, அல்லது குழந்தை தானாக உட்காரும், புரளும், கையூன்றி எழும்பும் வரை என்று போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதோடு சரி. ஐந்து மாதத்தில் தொட்டில் வாங்குவது வீண்செலவு என்பது என் அபிப்பிராயம்.

ஜனவரி 10, மதியம்

என் அனுபவத்தைக் கேட்டதால்: எங்களுக்கு இரண்டு. பெரியவன் வளர்ந்தது முழுக்க முன்பக்கம் பார்த்த லேசான வண்டியில். சின்னவளுக்குத் திருப்பி மாட்டுகிற இருக்கை. யார் முதலில் பேசினார்கள் என்று கேட்காதீர்கள். பெரியவன்தான் முதலில் பேசினான், இன்னும் நிறுத்தவில்லை.

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனால் தள்ளுகிறவனாக எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பெரியவனைத் தள்ளும்போது அவன் அழுதபிறகுதான் எனக்கு விஷயம் தெரியும். சின்னவளிடம் அழுகைக்கு முந்தைய கட்டமே தெரிந்தது. கீழுதடு லேசாகப் பிதுங்கும், பிறகு ஒரு காதைப் பிடித்து இழுப்பாள். அந்த இடத்தில் நின்று ஒரு வார்த்தை பேசினால் போதும், அழுகை வராது. இந்த ஒன்றுக்காகவே முதல் வருஷம் நம் பக்கம் வைக்கச் சொல்வேன். பேச்சு வளர்ச்சியெல்லாம் அப்புறம்.

ஜனவரி 12

'காரில் பின்பக்கம் பார்த்து உட்காருவதுதான் பாதுகாப்பு என்கிறார்கள், அப்படியானால் ஸ்ட்ரோலரிலும் அதுதானே பாதுகாப்பு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. காரில் அது மோதலுக்காக. கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால் அந்தக் கனமான தலை முன்னால் எறியப்பட்டு, இழுவை முழுக்கக் கழுத்துக்கு வரும். பின்னால் பார்த்திருந்தால் இருக்கையே முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சேர்த்துத் தாங்கிவிடும். அதனால்தான் கார் குழந்தை இருக்கைகளுக்கான, ஐ-சைஸ் என்கிற ஆர்129 விதி 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்தே வைக்கச் சொல்கிறது. நடக்கிற வேகத்தில் போகிற வண்டிக்கு இந்தக் கணக்கு வராது. அங்கே பாதுகாப்பு என்பது ஐந்து பட்டை பெல்ட்டை ஒவ்வொரு முறையும் போடுவதும், நிறுத்தியவுடன் பிரேக்கை மிதிப்பதும்தான்.

ஜனவரி 13

கனம் ஏன் கூடுகிறது, திருப்புகிற வகையில் எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் இதை யாரும் விளக்குவதில்லை.

திருப்புவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, இருக்கையையே கழற்றி எடுத்துத் திருப்பி மாட்டுவது. இன்னொன்று, இருக்கை அப்படியே இருக்க, கைப்பிடியை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சாய்ப்பது. கடையில் இரண்டாவது பிரமாதமாகத் தெரியும். குழந்தையை எழுப்ப வேண்டாம், ஒரே தள்ளில் வேலை முடிந்தது. ரோட்டுக்கு வந்தால்தான் வினை. பெரும்பாலான வண்டிகளில் முன்சக்கரம் மட்டும்தான் சுழலும், பின்சக்கரம் நேராக நிற்கும். கைப்பிடியைச் சாய்த்ததும் சுழலும் சக்கரம் நம் காலடிக்கு வந்துவிடும், நேர்ச்சக்கரம் முன்னால் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு திருப்பமும் காரை ரிவர்ஸில் ஓட்டுகிற கதைதான். பிரேக் மிதியும் எதிர்ப்பக்கம் போய்விட்டிருக்கும். சரிவில் நிற்கும்போது வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் பிரேக் மிதிப்பதை யோசித்துப் பாருங்கள். நாலு சக்கரமும் சுழலும் வகையிலும், கைப்பிடி மாறும்போது சக்கரம் சுழலாமல் பிடிக்கிற பூட்டும் தானாக மாறுகிற வகையிலும் முதல் தொல்லை இல்லை. பிரேக் எங்கே என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கையைக் கழற்றி மாட்டும் வகையில் ஓட்டம் மாறாது, ஆனால் கனம். இருக்கைக்குத் தனிச் சட்டம் (ஃபிரேம்), அதைத் தாங்க அடியில் இன்னொரு சட்டம், இரண்டு பக்கமும் பூட்டு. பல வண்டிகளில் இருக்கை நம் பக்கம் இருக்கும்போது மடிக்கவே வராது. கழற்று, சட்டத்தை மடி, இரண்டையும் தூக்கு. இடுப்பில் குழந்தை, தோளில் பை, படியில் ஏறுகிற பஸ் என்றால் இது நடக்காத காரியம்.

லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறவருக்கு நான் முகம் பார்க்கும் வண்டியைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். தினமும் இரண்டு முறை அதைத் தூக்கி ஏறிவிட்டு யாருக்கும் குழந்தையோடு கொஞ்சிப் பேசுகிற தெம்பு இருக்காது.

ஜனவரி 13, மாலை

'இரும்புக்கடைக்காரரா நீங்கள்?' என்று ஒருவர் கேலி செய்கிறார். ஆமாம், சட்டம் சட்டம் என்று எழுதியிருக்கிறேன், இரும்புக்கடைக்காரன்தான் நான். விடுங்கள்.

ஜனவரி 17

நடைபாதை விளிம்பு ஏறுவதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நம்மைப் பார்த்து உட்காரும் குழந்தையின் முதுகும் தலையும் வண்டியின் முன்கோடியில் இருக்கும், கால்கள்தான் நம் பக்கம். ஆகவே பாரம் முன்சக்கரத்தின் பக்கம் போய்விடும். விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்கக் கைப்பிடியை அமுக்கும்போது மணிக்கட்டுக்கு அது தெரியும். ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தால் நேர்மாறு. பாரம் நம் பக்கம், முன்சக்கரம் சுலபமாக எழும்பும். ஆனால் அதே காரணத்தால், கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் வண்டி பின்னால் மல்லாக்கக் கவிழும். குழந்தையைத் தூக்கி எடுத்த அடுத்த நொடி பையோடு 'டமால்' என்று சாய்ந்த வண்டிகளைக் கடை வாசலில் பார்த்திருக்கிறேன். பையை அடிக்கூடையில் போடுங்கள்.

இன்னொன்று வெயில். நம்மைப் பார்த்து வரும் குழந்தைக்கு, சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான் முகத்தில் அடிக்கும். நமக்குக் கண் கூசாது, அதனால் உறைக்காது. சின்னவள் முகத்தைச் சுளித்துச் சுளித்து வந்தபோது என்னைத்தான் பழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வேறு தள்ளியிருக்கிறேன். எதிர்ப்பக்க வண்டியில் இந்தக் குழப்பம் இல்லை, நமக்குக் கூசினால் அவர்களுக்கும் கூசும்.

அதற்காக மேலே துணி போர்த்தாதீர்கள். 2014இல் சுவீடனில் ஒரு நாளிதழ் வெயிலில் சோதித்துப் பார்த்தது. 22 டிகிரியாக இருந்த வண்டிக்குள், மெல்லிய துணி போர்த்திய அரை மணி நேரத்தில் 34 ஆகிவிட்டது. ஹூட்டை இழுத்துவிடுங்கள், இல்லை நிழல் பக்கம் மாறி நடங்கள். எந்தப் பக்க வண்டியானாலும் இதுதான்.

ஜனவரி 20

'அந்தக் காலத்தில் எல்லாமே குழந்தை நம்மைப் பார்க்கிற வண்டிதானே, எப்போது மாறியது' என்று ஒருவர். எல்லாமே என்று சொல்ல முடியாது. வரலாற்றில் முதலாவதாகச் சொல்லப்படுகிற குழந்தை வண்டி, 1733இல் இங்கிலாந்தின் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் செய்தது. அதை ஆடோ மட்டக்குதிரையோ இழுக்கும்படி அமைத்திருந்தார். அதில் குழந்தை யார் முகத்தைப் பார்த்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

திருப்பி வைக்கிற யோசனையும் புதிதில்லை. அமெரிக்காவில் வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் 1889இலேயே இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய தொட்டில் வண்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சக்கரங்கள் தனித்தனியாகத் திரும்புகிற அமைப்பும் அதில் உண்டு.

ரோட்டைப் பார்க்கும் வண்டி பெருகியதற்கு 1965இல் ஓவன் மெக்லாரன் வடிவமைத்த குடை மடிப்பு வண்டி பெரிய காரணம். விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்தவர். அலுமினியக் குழாய், மூன்று கிலோவுக்கும் குறைவு, ஒரு கையில் மடியும். குழந்தையை ரோட்டுப் பக்கம் திருப்ப வேண்டும் என்று உளவியல் படித்து யாரும் முடிவெடுத்ததாக எனக்குப் படவில்லை. துணி இருக்கை குழாய்களுக்கு நடுவே தொங்குகிறது, குழாய்களோடு சேர்ந்து மடிகிறது. அதைத் திருப்ப வழியில்லை, அவ்வளவுதான். பஸ்ஸும் ரயிலும் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது, இன்றும் அப்படித்தான்.

ஜனவரி 28

எப்போது திருப்புவது? நாள் பார்க்க வேண்டியதில்லை, குழந்தையே சொல்லும். சின்னவள் ஒன்றேகால் வயது வாக்கில் பெல்ட்டுக்குள்ளேயே உடம்பை முறுக்கி, இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் என்ன போகிறது என்று எட்டிப்பார்க்க ஆரம்பித்தாள். நாய் போனால் கழுத்து அதோடு போகும். என் முகம் அலுத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். திருப்பிப் போட்டதும் வண்டியில் சண்டை பாதி குறைந்தது.

ஆனால் கூட்டமான இடம், புது இடம் என்றால் மறுபடி என் பக்கம். இதற்கு ஒரு நியாயம் உண்டு. 1985இல் ஸோர்ஸ், எம்டே, காம்போஸ் முதலான ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று. 12 மாதக் குழந்தைகளை ஒரு கண்ணாடி மேடையில் விடுகிறார்கள். கண்ணாடிக்குக் கீழே தரை திடீரென்று பள்ளமாகத் தெரியும். மறுகோடியில் அம்மா. அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்துவிட்டார்கள். பயந்த முகம் காட்டியபோது ஒருவர்கூட வரவில்லை. அந்த வயதில் புதிதாக ஒன்றைப் பார்த்தால், அது பயப்பட வேண்டியதா இல்லையா என்று நம் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ரோட்டுப் பக்கம் உட்கார்ந்த குழந்தைக்கு அந்தப் புத்தகம் மூடியிருக்கிறது. மேளச்சத்தமோ பெரிய லாரியோ வந்தால் நீங்கள்தான் முன்னால் போய்க் குனிய வேண்டும்.

ஜனவரி 29

லாரி என்றதும் புகை. முன்பக்க வண்டி புகையை நேராக வாங்குமா என்ற கேள்விக்கு: திசையைவிட உயரம்தான் பிரச்சினை. பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தார் 2018இல் தொகுத்துச் சொன்னது, வண்டிக் குழந்தைகள் தரையிலிருந்து 0.55 முதல் 0.85 மீட்டர் உயரத்தில் மூச்சு விடுகிறார்கள், பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை கூடுதலாக மாசை வாங்கலாம் என்று. சிக்னலில் நிற்கும்போது வண்டியைக் கார்களின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், இரண்டடி பின்னால் நில்லுங்கள். இருக்கை உயரமாக இருக்கிற வண்டிக்கு இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு.

பிப்ரவரி 2

இன்று பூங்காவில் பார்த்தது. அழகான, விலை உயர்ந்த, முகம் பார்க்கும் வண்டி. குழந்தை அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்பா ஒரு கையால் தள்ளிக்கொண்டு மறுகையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தை ஒரு சத்தம் கொடுத்தது, கையை ஆட்டியது, அப்புறம் தன் செருப்பைக் கழற்றுகிற வேலையில் இறங்கிவிட்டது.

1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் செய்த அசையா முகச் சோதனை தெரிந்திருக்கும். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்ப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போன் பார்க்கிற முகம் அச்சு அசல் அதுதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த இழையில் நான் முன்பு எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது: போனை விட முடியாதவருக்கு ரோட்டுப் பக்கமே தேவலை. குழந்தைக்கு மரமாவது, நாயாவது பார்க்கக் கிடைக்கும்.

(என் மனைவி இதைப் படித்துவிட்டு 'யாரோ ஒரு அப்பாவா?' என்று கேட்டாள். யாரோ ஒரு அப்பாதான்.)

பிப்ரவரி 3

பின்னோக்கிப் போனால் தலைசுற்றி வாந்தி வராதா என்றவருக்கு: இரண்டு வயதுக்குக் கீழே பயணக் குமட்டல் அபூர்வம். நடைவேகத்தில் அதைவிட அபூர்வம். வண்டியில் வாந்தி என்றால், பால் குடித்தவுடன் கிளம்பினீர்களா என்று பாருங்கள்.

பிப்ரவரி 3, மறுபடி

முகம் பார்க்கும் வண்டியின் இழப்புகளையும் பதிவு செய்ய வேண்டும். நடந்துகொண்டே ரகசியமாக பிஸ்கட் தின்ன முடியாது. வாய் அசைந்தாலே அங்கே கை நீளும். கால் வளர வளரச் செருப்பு நேராக நம் வயிற்றுக்கு வரும். கைப்பிடியில் மாட்டிய காபி டம்ளர் அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம், சூடானது எதையும் அங்கே வைக்கவே கூடாது.

பிப்ரவரி 11

நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். பாப்பா உட்கார ஆரம்பித்துவிட்டாள், தெரிந்தவர் வீட்டில் பயன்படுத்திய வண்டி ஒன்று கிடைக்கிறது, இருக்கை இரண்டு பக்கமும் திரும்பும், வீடு தரைத்தளம். எடுத்துக்கொள்ளுங்கள், யோசிக்க ஒன்றும் இல்லை. போகும்போது ஐந்தாறு கிலோ வரும்படி அரிசிப் பையோ புத்தகப் பையோ எடுத்துப் போங்கள். இருக்கையை நம் பக்கம் மாட்டி, பையை வைத்து, பெல்ட் போட்டு, இரண்டு ஓரத்தையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் ஒரு பக்கப் பூட்டு மட்டும் 'கிளிக்' என்று விழுந்து, மறுபக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும். பார்த்தால் சரியாக மாட்டியது போலத்தான் இருக்கும், விளிம்பில் ஏற்றும்போதுதான் சாயும். பிறகு ரோட்டுப் பக்கம் திருப்பி அதே சோதனை. பிரேக்கைப் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் துளி உருண்டாலும் வேண்டாம். கையேடு தொலைந்திருந்தால் கம்பெனி பெயரையும் மாடல் எண்ணையும் போட்டுத் தேடுங்கள், கோளாறு என்று கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்ட மாடலா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பெல்ட் துணியை மட்டும் கழற்றித் துவைத்துவிடுங்கள், முந்தைய குழந்தை என்னென்னவோ துப்பியிருக்கும்.